பக்கத்து நாற்காலி

செதூபல் நகரம். டிசம்பர். இரவு பத்தே கால்.
மத்தி டின்னின் மூடி கிழித்த உள்ளங்கையைச்
சமையல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன்.
தாதி துண்டை விலக்கிப் பார்த்தாள்,
விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கச் சொன்னாள்.
"வலி எவ்வளவு? ஒன்றிலிருந்து பத்துக்குள்."
உள்ளபடி ஐந்து.
ஏழு என்றேன்.
ஏழு சொன்னால் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று
தொழிற்சாலையில் பேசிக்கொள்வோம்.
அவள் எதையும் கண்டுகொள்ளாமல்
மணிக்கட்டில் பச்சைப் பட்டை மாட்டினாள்.
பச்சை என்றால் சாக மாட்டாய் என்று பொருள்.
போய் உட்கார் என்றும் பொருள்.

சிவப்புக்குக் கதவு தானாகத் திறக்கிறது.
ஆரஞ்சைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள்.
மஞ்சளை அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கிறார்கள்.
பச்சைக்கு நாற்காலி,
விரிசல் விட்ட பிளாஸ்டிக்,
அசைந்தால் தொடையைக் கிள்ளும்.

பக்கத்து நாற்காலிக்காரரும் பச்சைதான்.
பெல்மிரோ குவாரெஸ்மா, பட்டையில் படித்தேன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
மதியம் தின்ற கணவாய் வறுவல்
நெஞ்சிலேயே நிற்கிறதாம்.
"எத்தனை சொன்னீர்கள்?"
"மூன்று.
பாவம், அந்தப் பெண்ணுக்கு இருக்கிற வேலைக்கு."

மூக்கில் மணியைத் திணித்துக்கொண்ட ஒரு பையன்
அதைப் பெருமையாக எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.
காப்பி மெஷின் என் காசை விழுங்கியது.
பெல்மிரோ எழுந்துபோய் அதன் விலாவில் ஒரு குத்து விட்டார்,
இரண்டு காப்பி வந்தது.
தன் சர்க்கரைப் பொட்டலத்தையும் எனக்கே தந்தார்.
கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால்
சாடோ முகத்துவாரத்தில் டால்பின்கள்
தையல் ஊசி மாதிரி
மேலே வந்து கீழே போகுமாம்.
"துணிதான் தெரியாது" என்றார்.

ஒன்றரை மணி வாக்கில் கோட்டைக் கழற்றி
"கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், வேர்க்கிறது" என்றார்.
கதவு திறக்கும்போதெல்லாம்
நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன்.
இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

பிறகு என் தோளில் சாய்ந்தார்.
தூக்கம் என்று நினைத்தேன்.
எழுப்பிவிடக் கூடாதே என்று
காயம்பட்ட கையைக்கூட நகர்த்தாமல் இருந்தேன்.
எத்தனை நிமிடம் என்று
கேட்காதீர்கள்.

கடந்துபோன தாதி நின்றாள், திரும்பினாள்,
அவர் உதட்டைப் பார்த்தாள்.
அப்புறம் ஆறு பேர், ஒரு படுக்கை, சக்கரங்கள்.
அந்தக் கதவு பச்சைக்கும் திறந்தது.
தோளில் ஈரம்.
காகிதக் கோப்பை உருண்டு
பையனின் காலடியில் போய் நின்றது.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி:
"பெல்மிரோ குவாரெஸ்மா, நான்காம் அறை."
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"பெல்மிரோ குவாரெஸ்மா."
பட்டியலில் பெயரை அடிக்க
யாருக்கும் நேரம் இருந்திருக்காது.
மூன்றாம் முறை கூப்பிட்டபோது
கோட்டோடு நான் எழுந்து நின்றேன்.

தையல் போட்ட டாக்டர் சின்னப் பெண்,
கண்ணுக்குக் கீழே முகக்கவசத்தின் தடம்.
ஊசியை இறக்கும் முன் ஒவ்வொரு முறையும் "இப்போது" என்றாள்.
வேறு யாரும் எனக்கு அப்படிச் சொல்லிவிட்டுக் குத்தியதில்லை.
"வலிக்கிறதா? எவ்வளவு?"
வாயில் எந்த எண்ணும் வரவில்லை.

வெளியே அதே தாதி.
அவரைப் பற்றிக் கேட்டேன்.
"நீங்கள் சொந்தமா?"
"பக்கத்து நாற்காலி."
அப்படியானால் சொல்லக் கூடாதாம், விதி.
கோட்டை வாங்கிக்கொண்டாள்.
கைகளை உள்ளே மடித்து, காலரை நீவி,
பொத்தானை ஒவ்வொன்றாய்ப் போட்டாள்,
உள்ளே ஆள் இருப்பது போல.
எல்லாக் கோட்டையும் அவள் அப்படித்தான் மடிப்பாளோ என்னவோ.

முதல் பஸ் ஆறே காலுக்கு.
பையில் கை விட்டேன்,
பிரிக்காத சர்க்கரை.
பச்சைப் பட்டையைப் பல்லால் கடித்துப் பார்த்தேன்,
அறவில்லை.
ஒரு கையால் முடிகிற காரியமில்லை அது.